சத்தம் வந்தால் வாசிப்பாகிவிடுமா?

மூன்று வயதில் எழுத்து, எட்டு வயதில் அர்த்தம். நர்சரிப் பள்ளிகள் சிலவற்றை நடத்தும் ஒரு தாளாளர் எழுதி, பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும் நீண்ட கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். மழலையர் வகுப்பில் கதை சொல்வது, படத்தைக் காட்டிப் பேசுவது, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பது எல்லாம் அவர் பார்வையில் வெட்டிவேலை. புரிந்துகொள்வது மூன்றாம் வகுப்புக்கு மேல் வரவேண்டிய சங்கதி. அதுவரை பிள்ளைக்கு வேண்டியது எழுத்து, ஒலி, ஃபிளாஷ் கார்டு, நான்கு கோடு நோட்டு. கதை கதை என்று அலைகிற எங்களைப் போன்றவர்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கெடுக்கும் கனவுஜீவிகள்.

வசவைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் கட்டுரையின் ஆரம்பம் முதல் கடைசி வரை 'அறிவியல்' என்ற சொல்லை அவர் தோரணம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அதைச் சும்மா விட முடியாது.

அமெரிக்காவே எழுத்தை ஒலியோடு இணைத்துக் கற்பிக்கும் ஃபோனிக்ஸுக்குத் திரும்பிவிட்டது, நாம் இன்னும் பாட்டி வடை சுட்ட கதையைப் பிடித்துத் தொங்குகிறோம் என்கிறார். அமெரிக்காவில் ஃபோனிக்ஸுக்கு ஆதாரமாக எல்லோரும் முதலில் எடுத்துக்காட்டுவது 2000-ம் ஆண்டில் வெளிவந்த தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை. அந்த அறிக்கை ஐந்து விஷயங்களைப் பேசியது: சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்தறிவது, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு, தடங்கலில்லாமல் வாசிப்பது, சொல்வளம், பொருள் புரிதல். தாளாளர் முதல் இரண்டைப் பாடத்திட்டத்துக்கும் மூன்றாவதை ஆண்டு விழா மேடைக்கும் எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டைக் கீழே போட்டுவிட்டார். அந்த அறிக்கையின் ஃபோனிக்ஸ் பகுதியும் ஐந்து வயதில் பள்ளிக்குள் நுழையும் பிள்ளைகளிலிருந்து தொடங்கிப் பேசுவது. எல்கேஜியில் டயப்பருடன் வந்து உட்காரும் பிள்ளையை மனதில் வைத்து எழுதியது அல்ல. அறிக்கையை அவர் வாசித்திருக்கிறார் என்றே நம்புகிறேன். தன் மாணவர்கள் எப்படி வாசிக்கிறார்களோ அப்படி வாசித்திருக்கிறார்.

இதே முகாம் தலையில் வைத்துக் கொண்டாடும் இன்னொரு சூத்திரம் உண்டு. 1986-ல் கஃப், டன்மர் என்ற இருவர் எழுதியது. எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறன் ஒன்று, காதால் கேட்டால் மொழி புரியும் திறன் இன்னொன்று. வாசித்துப் புரிவது இவை இரண்டின் பெருக்குத்தொகை. கூட்டுத்தொகை என்று அவர்கள் எழுதவில்லை. கூட்டலாக இருந்தால் ஒரு பக்கத்தில் அள்ளி வைத்து மறுபக்கத்துக் குறையைச் சரிக்கட்டிவிடலாம். பெருக்கலில் அந்தப் பாச்சா பலிக்காது. ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். தாளாளரின் திட்டம் இரண்டாவது எண்ணை ஐந்து வருடத்துக்கு ஒத்திவைக்கிறது. ஒத்திவைத்துவிட்டு அதற்கு அறிவியல் என்று பெயரும் வைக்கிறது.

புரிதல் பெரிய வகுப்புச் சரக்கு என்று நம்புகிறவர், நான்கு வயதுப் பிள்ளையோடு ஒரு படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவே மாட்டார். நான் கதை படிக்கப் போகும் அங்கன்வாடியில் ஒரு புத்தகத்தின் பக்கம். எழுத்து ஒன்றும் கிடையாது. தரையில் கவிழ்ந்து கிடக்கும் சொம்பு, ஓடிப் பரவிய பால், கட்டிலுக்கு அடியில் ஒரு வால் மட்டும், வாசற்படியில் சேலைக் கரையும் இரண்டு பாதங்களும்.

"இங்க என்ன நடந்திருக்கு?"

"பூனை ஒளிஞ்சிருக்கு டீச்சர்."

"எதுக்கு ஒளிஞ்சிருக்கு?"

"பாலைக் கொட்டிருச்சுல்ல."

"அது கொட்டுனத நீ பாத்தியா?"

கொஞ்சம் யோசனை. "பாக்கல. ஆனா அதான் கொட்டிருக்கும். இல்லாட்டி எதுக்கு ஒளியுதாம்?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த பையன் இடையில் புகுந்தான். "அவங்க அம்மா வந்துட்டாங்க. அடிப்பாங்க."

"பூனைய அடிக்க மாட்டாங்க," என்றாள் மூன்றாமவள். "கதவத் தொறந்து வெச்ச தம்பியத்தான் அடிப்பாங்க."

படத்தில் தம்பியே இல்லை. அவள் வீட்டில் இருக்கிறான் போல. படத்தில் காட்டாத காரணத்தை ஒருத்தி ஊகித்தாள், சாட்சி எங்கே என்று கேட்டதும் வாதம் வைத்தாள். ஒருவன் அடுத்து என்ன நடக்கும் என்றான். மற்றவள் தன் அனுபவத்தைக் கதைக்குள் கொண்டுவந்து பழி யார்மேல் விழும் என்பதைத் தீர்மானித்தாள். பத்தாம் வகுப்பு வினாத்தாளில் 'பத்தியைப் படித்து விடை தருக' என்று கேட்பது இதையெல்லாம்தான். இந்த மூன்று பேருக்கும் 'பூ' என்று எழுதிக் காட்டினால் வாசிக்கத் தெரியாது. ஆகவே தாளாளர் கணக்கில் இவர்களுக்குப் புரிதல் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

இது ஏதோ என் அங்கன்வாடிப் பிள்ளைகளின் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்க வேண்டாம். 2009-ல் பனயோட்டா கெண்டியூவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், நான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கதையைக் காதால் கேட்கவும் தொலைக்காட்சியில் பார்க்கவும் கொடுத்து, எவ்வளவு புரிந்தது என்று அளந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளிடமும் இதையே செய்தார்கள். இரண்டு வருடம் கழித்து அதே பிள்ளைகளை மறுபடி சோதித்தார்கள். எழுத்துத் திறனும் கதை புரியும் திறனும் வெவ்வேறு தடத்தில் வளர்ந்திருந்தன. பின்னாளில் வாசித்ததைப் புரிந்துகொள்வதில் இரண்டுக்கும் தனித்தனிப் பங்கு இருந்தது. அதாவது நான்கு வயதில் டிவி பார்த்துக் கதை சொல்லத் தெரிந்ததற்கும் பிற்பாடு வாசிப்பதற்கும் தொடர்பு உண்டு. எழுத்துப் பயிற்சியைப் பெருக்கி அந்த இடத்தை நிரப்ப முடியாது. 1988-லேயே ஒய்ட்ஹர்ஸ்ட் குழு, இரண்டு இரண்டரை வயதுப் பிள்ளைகளின் பெற்றோர்களிடம் ஒரே ஒரு மாற்றம் கேட்டது. கதையை நீங்களே படித்துக்கொண்டு போகாதீர்கள், நடுவில் நிறுத்திக் கேளுங்கள், பிள்ளை சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றவர்களைவிட முன்னே போயிருந்தது. கார்டு இல்லை, நோட்டு இல்லை, ஃபீஸும் இல்லை. கடைசியில் சொன்னதுதான் சிலருக்கு இடிக்கிறது என்று நினைக்கிறேன்.

இனி தாளாளரின் துருப்புச் சீட்டு. அவர் பள்ளியின் யூகேஜிப் பிள்ளை மேடையேறி ஆங்கில நாளிதழை வாசிக்கும் வீடியோ. பார்த்தேன். 'இன்ஃப்ளேஷன்' என்ற சொல்லைப் பிசிறில்லாமல் சொல்கிறது குழந்தை. அரங்கமே கைதட்டுகிறது. பணவீக்கம் புரிந்ததா என்று கேட்கும் அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை. அந்தச் செய்தியில் வந்த 'ஆனியன்' நம் வீட்டு வெங்காயம்தான் என்றாவது அதற்குத் தெரியுமா என்று யாராவது கேட்டிருக்கலாம். மேடையில் இருந்த ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்குக் கறுப்பு அங்கியும் பட்டமளிப்புத் தொப்பியும் காத்திருந்தன. ஆறு வயது ஆகாத பிள்ளைக்குக் கான்வொகேஷன்!

வயதுக்கு மீறி எழுத்தை வாசிப்பதும், வாசித்தது புரியாமல் இருப்பதும் ஒருசேர அமைந்த நிலைக்கு மருத்துவத்தில் ஹைப்பர்லெக்சியா என்று பெயர். 1967-ல் வைத்த பெயர். அப்படிப்பட்ட பிள்ளைகளின் மேல் எந்தக் குறையும் இல்லை. அவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியும் பொறுமையான துணையும் வேண்டும். மருத்துவர்கள் கவனித்து உதவி செய்யும் அந்த இடைவெளியைச் சாதாரணப் பிள்ளைகளிடம் பயிற்சி கொடுத்து உண்டாக்கி, அதற்கு மேடையும் போட்டுக் கொடுப்பதுதான் புதுமை.

இந்த வியாபாரத்துக்கு ஒரு முன்கதை இருக்கிறது. 'யுவர் பேபி கேன் ரீட்' என்று அமெரிக்காவில் டிவிடியும் கார்டுமாக ஒரு பெட்டி விற்றார்கள். ஒன்பது மாதக் குழந்தை வாசிக்கும் என்று விளம்பரம். 2012-ல் அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் ஆதாரமில்லாத விளம்பரம் என்று வழக்குத் தொடுத்தது, கம்பெனியும் மூடப்பட்டது. இரண்டு வருடம் கழித்து சூசன் நியூமன் குழு இதே வகைப் பொருளை 117 குழந்தைகளிடம் 7 மாதம் சோதித்தது. குழந்தைகள் வாசிக்கக் கற்கவில்லை. ஆனால் பெற்றோரில் சிலருக்குத் தங்கள் குழந்தை வாசிக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் அசைக்க முடியாமல் இருந்தது. நம் ஆண்டு விழாக்களில் நாற்காலி போட்டு உட்கார வைப்பது அந்த நம்பிக்கையைத்தான்.

சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் முன்னேறலாம் என்பதையும் பார்த்துவிடுவோம். நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் ஐந்து வயதில் வாசிப்புப் பயிற்சி தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார். பதினொரு வயதை நெருங்கும்போது வாசிப்பில் இரு சாராருக்கும் வித்தியாசமில்லை. தாமதமாகத் தொடங்கியவர்கள் ஸ்டைனர் முறைப் பள்ளிப் பிள்ளைகள், வசதியான வீடுகள், அதை நம்மோடு ஒப்பிட முடியாது என்று தாளாளர் சொல்லலாம். சொல்லட்டும். அந்தப் பள்ளிகள் இடைப்பட்ட இரண்டு வருடமும் பிள்ளைகளுக்குக் கதையும் பாட்டும் சொல்லிக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

கட்டுரையில் பெட்டி கட்டிப் போட்டிருக்கும் எண் ஒன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் அசரின் 2022 கணக்கெடுப்பில் 5 சதவீதம்கூட இல்லை. எண் சரி. ஆனால் அது யாருடைய எண்? அந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் இருக்க வேண்டிய 2020–21 முழுக்கத் தொடக்கப் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. மறுபடி திறந்தது 2021 நவம்பரில். பூட்டிய பள்ளிக்கூடத்தின் எண்ணை எடுத்துவந்து, எல்கேஜியில் நோட்டு எழுதவைக்காததன் விளைவு என்று காட்டுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. தாய்மொழி வாசிப்புக்காக அசர் ஆட்கள் நீட்டும் தாளில், வாசித்தது புரிந்ததா என்ற கேள்வியே கிடையாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். புரிதலைப் பற்றி ஒன்றும் சொல்லாத ஒரு எண்ணைக் கொண்டு புரிதலுக்கு எதிராக வழக்காடியிருக்கிறார்.

எழுத்து முடியட்டும், அர்த்தம் அப்புறம் என்று உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. கர்நாடகத்தின் யாத்கிரிலும் மகாராஷ்டிரத்தின் வாடாவிலும் ஷைலஜா மேனன் குழு கன்னட, மராத்திப் பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்தது. அந்த வகுப்பறைகளில் நடந்தது தாளாளர் கேட்பதுதான்: எழுத்து, மறுபடி எழுத்து, பார்த்து எழுதுதல். மூன்றாம் வகுப்பு முடியும்போது பல பிள்ளைகளுக்கு அர்த்தமும் வரவில்லை, எழுத்தும் வரவில்லை.

தமிழுக்கு 247 எழுத்து, அதனால்தான் மூன்று வயதிலேயே தொடங்க வேண்டும் என்பது அவர் வாதங்களில் கொஞ்சம் சதைப்பற்று உள்ளது. நம் எழுத்துமுறைகள் கைவர நாளாகும் என்பது உண்மை. கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வில், அட்சரங்கள் முழுதும் பிடிபட நான்காம் வகுப்பு, அதற்கு மேலும்கூட இழுக்கிறது. சரி, அவ்வளவு நாளாகும் என்றால் அத்தனை நாளும் பிள்ளையின் மூளை என்ன செய்துகொண்டிருக்க வேண்டும்? எழுத்து வரும்வரை அர்த்தத்தைப் பட்டினி போடுவதா? எழுத்து மெதுவாக வரும் மொழியில் காதால் கேட்கும் கதை இன்னும் அதிகமாகத் தேவை என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் முடிவு. தாளாளர் நேர் எதிர்த் திசையில் நடந்துபோயிருக்கிறார்.

இன்னொன்று, அவருடைய ஆங்கில ஃபோனிக்ஸ் கையேடு சொல்லித்தராதது. தமிழில் 'பல்', 'பலம்' இரண்டும் ஒரே ப-வில் தொடங்குகின்றன. வாயில் ஒரே ஒலியாகவா வருகிறது? 'குடம்', 'குணம்' இரண்டுக்கும் ஒரே கு. எதை அழுத்திச் சொல்ல வேண்டும், எதை மென்மையாகச் சொல்ல வேண்டும் என்று எழுத்து சொல்லாது. அந்தச் சொல்லை முன்பே கேட்ட காதுதான் சொல்லும். கேட்காத சொல்லைப் பிள்ளை கூட்டி வாசிக்கும், ஆனால் அது எந்தச் சொல் என்று அதற்குத் தெரியாது. ஆகத் தமிழில் எழுத்தைக் கூட்டுவதற்கே சொல்வளம் முதலீடு.

புத்தகத் தமிழ் வேறு, வீட்டுத் தமிழ் வேறு என்பதையும் அவர் ஒரு வரியில்கூடத் தொடவில்லை. வீட்டில் பிள்ளை 'சாப்ட்டு வந்துட்டான்' என்று கேட்கிறது. பாடப்புத்தகத்தில் 'உண்டுவிட்டு வந்தான்' என்று நிற்கிறது. எந்த வீட்டில் அம்மா 'கூறினாள்'? எந்தத் தெருவில் நண்பர்கள் 'மகிழ்ந்தனர்'? ஒன்றாம் வகுப்பில் முதல்முறையாக இந்தத் தமிழை எழுத்தில் சந்திக்கிற பிள்ளைக்கு அது பாதி அந்நிய மொழி. அதை முன்கூட்டியே காதில் போட்டுவைக்க ஒரே வழி, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பது. 'என்றது காகம்' என்ற நடையை நான்கு வயதில் நூறு தடவை கேட்ட பிள்ளை, ஆறு வயதில் அதை எழுத்தில் பார்க்கும்போது திகைக்காது. இது எல்கேஜியில் இருபது நிமிட வேலை. அந்த இருபது நிமிடத்தில் அவர் பள்ளியில் 'ஐ ஃபார் இக்லூ' நடந்துகொண்டிருக்கிறது. பனிக்கட்டி வீட்டை விருதுநகர் வெயிலில் உட்கார்ந்து பத்து முறை எழுத வேண்டும்.

நம் முன்னோர் அர்த்தம் தெரியாமல்தான் ஆத்திசூடியை மனப்பாடம் செய்தார்கள் என்ற வாதத்துக்கு நிறைய நேரம் தேவையில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைக்கு ஐந்து வயதாகியிருந்தது. அது ஒப்பித்த மொழி வீட்டிலும் கோயிலிலும் கூத்திலும் அதன் காதில் விழுந்துகொண்டிருந்தது. அப்படியும் அந்த உருப்போடும் முறை போதாது என்று சொன்னவர்கள் இந்த மண்ணிலேயே இருந்தார்கள். கிஜுபாய் பதேக்கா குஜராத்தியில் எழுதியது தமிழில் 'பகற்கனவு' என்ற பெயரில் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் அடங்காத வகுப்பைக் கதை சொல்லித்தான் பிடிக்கிறார். முன்னோர் என்றால் அவரும் முன்னோர்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்தே வேண்டாம், காட்டில் பூ பூப்பதுபோல வாசிப்பு தானாக வரும் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. எழுத்தறிவு தானாக வராது, கற்றுத்தர வேண்டும். தன் பெயரின் முதல் எழுத்தை அடையாளம் காண்பது, 'கல் – பல் – நெல்' என்று ஓசையோடு விளையாடுவது, படிக்கும்போது விரல் எந்தப் பக்கமாக நகர்கிறது என்று பார்ப்பது, இவை நான்கு வயதில் நடக்கலாம், நடக்க வேண்டும். எழுத்து தெரிந்த பிள்ளைகள் பிற்பாடு நன்றாக வாசிக்கிறார்கள் என்று தாளாளர் காட்டும் ஆய்வுகள் பொய்யல்ல. ஆனால் நான்கு வயதில் எழுத்து தெரிந்த பிள்ளை பெரும்பாலும் புத்தகம் இருக்கிற வீட்டுப் பிள்ளை, கதை கேட்ட பிள்ளை. எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கதையைக் கழற்றிவிட்டால் பழைய பலன் கிடைக்கும் என்பதற்கு அந்த ஆய்வுகள் ஜாமீன் கொடுக்கவில்லை.

அவர் கடைசியாக ஏழைகளை இழுத்துக்கொண்டு வருகிறார். கதைப் புத்தகமும் பேச்சும் படித்த வீட்டு ஆடம்பரமாம். கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அதெல்லாம் ஆகாதாம். அவர்களுக்கு எழுத்தறிவே விடுதலையாம். யாருக்காகக் கண்ணீர் விடுகிறார் என்று கட்டணப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசலாம். எழுத்தில்லாத படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேச, கைநாட்டு வைக்கும் பாட்டிக்கும் முடியும். அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. அதில் கதைக்கும் பாட்டுக்கும் இடம் உண்டு. குறை எங்கே என்றால், சத்துமாவும் எடைப் பதிவேடும் மதிய உணவும் ஒரே ஆளின் தலையில் விழுவதில். தமிழ்நாட்டின் 4 மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, அவற்றில் பாதியில் கூடுதலாக ஒருவரை நியமித்துப் பார்த்தார்கள் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள். முன்பருவக் கல்விக்குச் செலவாகும் நேரம் இரு மடங்கானது. ஒன்றரை வருடத்தில் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறினார்கள், ஊட்டக்குறைவும் குறைந்தது. அங்கே கூடுதலாகச் சேர்த்தது நோட்டு அல்ல, பிள்ளையின் பக்கத்தில் இன்னொரு பெரிய ஆள். ஏழைப் பிள்ளையின்மேல் கரிசனம் இருக்கிறவர் கேட்க வேண்டியது அந்த இரண்டாவது ஆளை.

மறுப்பு எழுதுவார் என்று தெரியும். அதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யட்டும். அவருடைய யூகேஜியில் நன்றாக வாசிக்கிற பத்துப் பேரை அவரே பொறுக்கி எடுக்கட்டும். அவர்கள் இதுவரை கேட்டிராத ஒரு பக்கக் கதை, தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. பிள்ளை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு மூன்று கேள்வி: யார் என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள், அடுத்து என்ன ஆகும். பதிலைப் பிள்ளை தனக்குப் பிடித்த மொழியில் சொல்லலாம். அங்கன்வாடியிலிருந்து எழுத்துத் தெரியாத பத்துப் பேரை நானும் அழைத்து வருகிறேன். அவர்களுக்குக் கதையை யாராவது படித்துக் காட்டினால் போதும். கேள்வி அதேதான். இரண்டையும் வெட்டாமல் வீடியோ எடுத்து, அந்த நாளிதழ் வீடியோ போன எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அவரே அனுப்பட்டும். தேதியை அவர் குறிக்கலாம். ஆண்டு விழா அன்றே என்றாலும் எனக்குச் சம்மதம்.